சங்கு ஸ்டாம்பு ஒட்டிய விண்ணப்பம்

நான் சென்னையில் படித்து பி.காம். பட்டம் வாங்கியது ஒரு திருட்டுத்தனத்தின் விளைவு. திருட்டுத்தனம் செய்தவன் நான்தான். ஆனால் நான் தள்ளிவிட்ட பக்கம் போகாமல் அது நேர் எதிர்ப்பக்கம் போய் நின்றது. இதை எழுதுவதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை. சம்பந்தப்பட்டவர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

முப்பதுகளின் நடுப்பகுதி. நாகர்கோவிலில் இன்டர்மீடியட் பாஸ் பண்ணியிருந்தேன். அப்பா மிஷன் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். சபையில் டீக்கனும்கூட, அதாவது பாதிரியாருக்கு அடுத்தபடியாகச் சபைக் காரியங்களைப் பார்க்கிற நாலைந்து பேரில் ஒருவர். மகனை டாக்டராக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. எனக்கோ கார்பாலிக் வாசனை மூக்கில் ஏறினாலே குமட்டும். நல்லவேளையாக அந்த நாளில் எங்கள் ஊரில் பேங்குகள் மழைக்காளான்போல் முளைத்துக்கொண்டிருந்தன. ஒரு பேங்கு மானேஜர் ஞாயிறு ஆராதனைக்குச் சொந்தக் காரில் வந்து இறங்கியதை அப்பா பார்த்தார். அதோடு டாக்டர் பேச்சு நின்றது. காமர்ஸ் படிக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

காமர்ஸ் என்றால் என்ன என்று அம்மாவுக்குப் புரியவைக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. யாவாரத்தைப் பற்றிய படிப்பு என்றேன்.

"யாவாரம் செய்யதுக்கு எதுக்கு மக்களே பட்டம்? கோட்டாத்துச் சந்தையில இருக்கவனெல்லாம் படிச்சிட்டா இருக்கான்?" என்றாள்.

பட்டம் வாங்கிய பிறகும் இதற்குப் பதில் கிடைத்தது என்று சொல்ல முடியாது.

திருவனந்தபுரத்தில் அன்றைக்கு இந்தப் படிப்பு கிடையாது. விசாரித்ததில் இரண்டு இடங்கள் தேறின. ஒன்று சென்னை, இன்னொன்று பம்பாய். இரண்டு ஊர்க் கல்லூரிகளுக்கும் எழுதிப்போட்டு விவரப் புத்தகம் வரவழைத்தேன். பம்பாய்ப் புத்தகம் வழுவழுப்பான தாளில் இருந்தது. முகப்பில் கட்டடத்தின் படம். மாணவர்களைத் துறைமுகத்துக்கும் பஞ்சாலைக்கும் பங்குச் சந்தைக்கும் அழைத்துப்போய்க் காட்டுவார்கள் என்று இரண்டு பக்கம் போட்டிருந்தது. சென்னைப் புத்தகம் மெலிசு. அதில் பாதி, விடுதி விதிகள். விளக்கை எத்தனை மணிக்கு அணைக்க வேண்டும், வெளியே போனால் எந்த நோட்டில் கையெழுத்திட வேண்டும், விருந்தாளி வந்தால் எங்கே உட்கார வைக்க வேண்டும் என்பது வரை எழுதியிருந்தார்கள். அப்பா சிவப்புப் பென்சிலை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு விதிக்கும் பக்கத்தில் ஒரு டிக் போட்டார். அவர் டிக் போடப்போட எனக்கு அந்தக் கல்லூரி கசந்துகொண்டே போனது.

சென்னையில் என் சித்தப்பா வேறு இருந்தார். தெருத்தெருவாகப் போய் வேதப்புத்தகம் விற்கிற உத்தியோகம். அவர் வாரந்தோறும் அப்பாவுக்குக் கடிதம் எழுதுவார். அதில் தன்னைப் பற்றி நாலு வரியும், சென்னைக்குப் படிக்கப்போன எங்கள் ஊர்ப் பையன்களைப் பற்றி நாற்பது வரியும் இருக்கும். யார் சினிமாக் கொட்டகை வாசலில் நின்றான், யார் மீசை வைத்தான் என்பதெல்லாம் எங்கள் வீட்டில் அத்துப்படி. சித்தப்பா கண்ணில் படாத தெரு சென்னையில் ஒன்றுகூட இல்லை என்று அப்பா உறுதியாக நம்பினார். நானும் நம்பினேன். சென்னை எனக்கு வேண்டாம் என்று ஆனதே அதனால்தான்.

பம்பாய்ப் பட்டத்துக்கு மதிப்பு அதிகம், பேராசிரியர்கள் சீமையில் படித்தவர்கள், அந்த ஊர்தான் யாவாரத்துக்கே தலைநகரம் என்றெல்லாம் அப்பாவிடம் மணிக்கணக்காக வாதாடினேன். எல்லாம் உண்மைதான். ஆனால் என் காரணம் அதுவல்ல. பம்பாயில் என்னை ஒருவருக்கும் தெரியாது. கம்பவுண்டர் மகன் என்று சொல்ல அங்கே ஆளில்லை. பதினெட்டு வயதில் எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அது கிடைக்காவிட்டால் செத்துப்போய்விடுவேன் என்றுகூட அப்போது தோன்றியது.

"அங்க கோதம்பு ரொட்டியில்லா திங்கணும். உனக்கு வயிறு தாங்குமா?" என்று அம்மா கேட்டாள்.

"அந்தப் பாஷையில உனக்கு ஒரு வார்த்தை தெரியுமா? வழி கேக்கணும்னாலும் கையைக் காட்டிட்டுல்லா நிக்கணும்" என்றார் அப்பா.

இப்படியே மூன்று வாரம் ஓடியது. சோற்றில் கை வைத்தால் பம்பாய், கை கழுவினால் சென்னை. வீட்டில் வேறு பேச்சே இல்லை.

என்னோடு இன்டர் படித்தவன் ஒருவனுக்குச் சுசீந்திரம் ஊர். மேலே படிக்கத் திருவனந்தபுரமா சென்னையா என்று அவன் வீட்டிலும் இழுபறி. அவர்கள் கோயிலில் பூ கட்டிப் பார்த்தார்கள். சிவப்புத் தெச்சியை ஒரு இலையிலும் வெள்ளை நந்தியாவட்டையை ஒரு இலையிலும் பொதிந்து சாமி முன்னால் வைத்து, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வது வழக்கம். சிவப்பு என்றால் திருவனந்தபுரம், வெள்ளை என்றால் சென்னை. சிவப்பு வந்தது. மறுநாளே அவன் பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டான். அவன் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது.

வீட்டில் வந்து சொன்னேன். அப்பா ஒரு மாதிரியாகச் சிரித்தார். "இலையில பொதிஞ்ச பூவுக்கு என்னலே தெரியும்? ஒருத்தனுக்க எதிர்காலத்தைச் செடியில இருந்து பறிக்கவா முடியும்?"

இரண்டு நாள் கழித்து, குடும்ப ஜெபம் முடிந்ததும் எழுந்திருக்காமல் அப்படியே உட்கார்ந்து அப்பா தீர்ப்புச் சொன்னார். இரண்டு கல்லூரிக்கும் விண்ணப்பம் போடுவது. எங்கிருந்து இடம் உண்டு என்று முதலில் பதில் வருகிறதோ அங்கே போவது. "எந்த வாசல் முதல்ல திறக்கோ அதுதான் கர்த்தருக்க சித்தம். பின்னே யாரும் வாய் திறக்கப்பிடாது."

இதற்கும் பூ கட்டிப் பார்ப்பதற்கும் என்ன வித்தியாசம் என்று எனக்கு விளங்கவில்லை. பூ இல்லை, அவ்வளவுதான். கேட்கத் துணிவும் இல்லை. ஆனால் ஒன்று மட்டும் சொன்னேன். சென்னை பக்கத்தில் இருக்கிறது, பம்பாய் தூரத்தில் இருக்கிறது, தபால் போய் வருவதிலேயே சென்னை ஜெயித்துவிடும், இது நியாயமில்லை என்றேன்.

மறுத்துப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ யோசித்தார். மறுநாள் தபாலாபீசுக்கே போய், சென்னைக்குக் கடிதம் போக எத்தனை நாள், பம்பாய்க்கு எத்தனை நாள் என்று போஸ்ட்மாஸ்டரிடம் விசாரித்துக்கொண்டு வந்தார். சென்னைக்கு இரண்டு, பம்பாய்க்கு நாலு. போக வர வித்தியாசம் நாலு நாள். கொயினா மருந்தைக் கலக்குகிற அதே முகத்தோடு அவர் சொன்னார்: "பம்பாய்க் கவரை திங்களாழ்ச்சை போடுவோம். சென்னைக் கவரை வெள்ளியாழ்ச்சை. இப்பம் ரெண்டும் சமம். திருப்தியா?"

திருப்தி என்றேன். அத்தனை நேர்மையான மனிதரைத்தான் நான் ஏமாற்றினேன்.

இந்த இடத்தில் அந்தக் காலத்துத் தபால் விவகாரத்தைச் சொல்லாவிட்டால் மேலே கதை ஓடாது. எங்கள் பகுதி அன்றைக்குத் திருவிதாங்கூர் மகாராஜா ஆட்சியில் இருந்தது. மகாராஜாவுக்குத் தனித் தபால் உண்டு. அதற்கு அஞ்சல் என்று பெயர். அதன் ஸ்டாம்பில் சங்குப் படம் இருக்கும். இது போக, நாகர்கோவிலில் இங்கிலீஷ்காரனுடைய தபாலாபீசும் இருந்தது. அந்த ஸ்டாம்பில் லண்டன் ராஜாவின் தலை. சமஸ்தானத்துக்குள் போகிற கடிதத்துக்குச் சங்கு, வெளியே போகிறதற்கு ராஜா தலை. ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டிவிட்டால் சங்கு ஸ்டாம்பு வெறும் கலர்க் காகிதம். அதை ஒட்டி வெளியூருக்குப் போட்டால் ஸ்டாம்பே ஒட்டாத கடிதத்துக்குச் சமம். பேரிங் என்று முத்திரை குத்தி, வாங்குகிறவரிடம் இரட்டைக் கூலி கேட்பார்கள். அவர் கட்ட மறுத்தால் கடிதம் திரும்பிவிடும்.

எங்கள் பக்கத்தார் இந்தத் தவறை ஓயாமல் செய்வார்கள். திருநெல்வேலியில் வேலை பார்க்கிற புருஷனுக்குச் சங்கு ஸ்டாம்பு ஒட்டிப் போட்டுவிட்டு, பதில் வரவில்லையே என்று மாசக்கணக்கில் அழுதுகொண்டிருந்த பெண்ணை எனக்கே தெரியும். அதனால் யாராவது ஸ்டாம்பு மாற்றி ஒட்டினால் ஊரில் சிரிப்பார்களே ஒழிய சந்தேகப்பட மாட்டார்கள்.

சென்னைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், அப்பா டிக் போடாமல் விட்ட இடத்தில் ஒரு வரி இருந்தது. தபால் கூலி செலுத்தாத கடிதங்கள் கல்லூரி அலுவலகத்தில் ஏற்கப்படமாட்டா. அந்த வரியை நான் எத்தனை முறை படித்தேன் என்று கணக்கில்லை.

திங்கட்கிழமை அப்பாவும் நானும் சேர்ந்து போய்ப் பம்பாய்க் கவரை ராஜா தலை ஒட்டி இங்கிலீஷ் தபாலில் போட்டோம். வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் ஆள் குறைவு. சென்னைக் கவரையும் ஸ்டாம்புக்குச் சில்லறையையும் என் கையில் தந்து, "பன்னிரண்டு மணிக்கு முன்னே போட்டிரு" என்று சொல்லிவிட்டு அப்பா வேலைக்குப் போய்விட்டார்.

நான் நேராக அஞ்சலாபீசுக்குப் போனேன். என் கையில் சக்கரம், அதாவது சமஸ்தானத்துக் காசு, கொஞ்சம் இருந்தது. சங்கு ஸ்டாம்பு வாங்கினேன். கவுன்டரில் கொடுத்தால் விலாசத்தைப் பார்த்து, வெளியூருக்கு இது செல்லாது என்று திருப்பிவிடுவார்கள். அதனால் தெருமுனைப் பெட்டிக்கு நடந்தேன். அங்கே நின்று எச்சில் தொட்டு ஒட்டி, பெட்டியில் போட்டேன். போட்ட மறு நிமிஷமே மனசு மாறி, கையை உள்ளே விட்டு எடுக்க முடியுமா என்று பார்த்தேன். மணிக்கட்டுக்கு மேல் போகவில்லை. அப்பா தந்த இங்கிலீஷ் சில்லறை வேட்டி மடிப்பில் கிடந்து உறுத்திக்கொண்டே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அதைக் காணிக்கைப் பையில் போட்டேன். கடவுளுக்கு லஞ்சம் கொடுத்தேன் என்று சொன்னாலும் தப்பில்லை.

பிறகு காத்திருந்தேன். பம்பாய்க் கவர் வந்து இறங்கும், சென்னைக் கவர் திரும்பி வரும், அப்பா என்னை நாலு திட்டுத் திட்டுவார், ஆனால் விதி விதிதானே என்று மனசுக்குள் எல்லாவற்றையும் நடத்திப் பார்த்துக்கொண்டேன். வீட்டில் இருக்கிற பழைய கம்பளிச் சால்வை பம்பாய்க் குளிருக்குப் போதுமா என்றுகூட யோசித்தேன். பம்பாயில் குளிர் கிடையாது என்று அப்போது எனக்குத் தெரியாது.

இரண்டாம் வாரம் புதன்கிழமை. ஆஸ்பத்திரியில் இருந்து அப்பா சாப்பிட வந்திருந்த நேரம். தபால்காரர் வந்தார். கவரை வாங்கியது அம்மா. நான் பின்கட்டில் இருந்து ஓடி வருவதற்குள் அப்பா அதைக் கிழித்துப் படித்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் யார் பெயருக்கு எது வந்தாலும் அவர்தான் கிழிப்பார்.

"சென்னையில இடம் தந்திருக்கான்" என்றார்.

அது எப்படி முடியும்? கல்லூரிக் கடிதத்தோடு ஒரு துண்டுத் தாளும் இருந்தது. அப்பா அதைப் படித்தார். என்னைப் பார்த்தார். மறுபடி படித்தார். பிறகு சத்தமாக வாசித்தார்.

'தம்பி, உன் கவர் சங்கு ஸ்டாம்போடு வந்தது. இங்கே அது செல்லாது. திருப்பி அனுப்ப எடுத்து வைத்திருந்தார்கள். நான் கூலி கட்டி வாங்கி, விண்ணப்பக் கட்டில் முதலாவதாக வைத்தேன். நானும் நம்ம பக்கத்துக்காரன்தான். இனிமேல் ராஜா தலை ஒட்டவும். பயப்படாமல் வா.' கீழே, கல்லூரி அலுவலகக் குமாஸ்தா என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார் யாரோ ஒருவர்.

"ஏலே, மடையா! இன்டர் பாஸாயிட்டு, எந்தக் கவருக்கு எந்த ஸ்டாம்புன்னு தெரியாதா உனக்கு?" என்று அப்பா ஆரம்பித்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஆனால் இரண்டு வாக்கியத்துக்குள் அவர் குரல் மாறிவிட்டது. கண் நிறைந்துவிட்டது. "பாத்தியா? செல்லாத ஸ்டாம்பு. திருப்பி அனுப்ப எடுத்து வச்ச கவரு. அதையும் ஒரு மனுஷனை எழுப்பிக் கர்த்தர் உள்ள கொண்டு வச்சிருக்காரு. இதுக்கு மேல என்ன அடையாளம் வேணும்?"

அந்த நிமிஷத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் திருடன், சொல்லாவிட்டால் மடையன். மடையனாகவே இருந்துவிட்டேன்.

அதோடு முடியவில்லை. எங்கள் சபையில் யாருக்காவது நல்லது நடந்தால் ஞாயிறு ஆராதனையில் எழுந்து நின்று சாட்சி சொல்ல வேண்டும். அப்பா என்னை எழுப்பிவிட்டார். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் நிறைந்திருந்த சபையில், நான் தவறுதலாகச் சங்கு ஸ்டாம்பு ஒட்டிய கதையையும் கடவுள் அதை மாற்றிப்போட்ட கதையையும் என் வாயால் சொன்னேன். தவறுதலாக என்ற சொல் வந்தபோது நாக்கு ஒட்டிக்கொண்டது. கூச்சம் என்று நினைத்துக்கொண்டார்கள். பெண்கள் பக்கம் சிரிப்புக் கேட்டது. வெளியே வரும்போது ஒரு அம்மாள் என் கன்னத்தைத் தட்டி, "கொள்ளாம் மக்கா. ஆனா பட்டணத்துல பைய பாத்து நடக்கணும், கேட்டியா? உனக்கு வெவரம் போராது" என்றாள். இன்டரில் கல்லூரியிலேயே இரண்டாவதாக வந்தவன் நான்.

அடுத்த திங்கட்கிழமை பம்பாய்க் கவர் வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அப்பா ஒரு கவரைக் கிழிக்காமல் என்னிடம் நீட்டினார். "நீயே பொளிச்சுப் பாரு." அங்கேயும் இடம் கிடைத்திருந்தது. நான் தாளை மடித்தேன். "ரெண்டு வாசலும் திறந்திருக்கு. எது முதல்ல திறந்ததுன்னு உனக்குத் தெரியும்" என்று மட்டும் சொல்லிவிட்டு அப்பா ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். நான் விளையாடாமல் இருந்திருந்தால் எது முதலில் வந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும்? அந்தக் குமாஸ்தா தன் ஊர் ஸ்டாம்பைக் கண்டிருக்கவே மாட்டார். என் விண்ணப்பம் கட்டில் நூற்றிச்சொச்சமாவதாகக் கிடந்திருக்கும். நியாயமாக விட்டிருந்தால் பம்பாய்தான் ஜெயித்திருக்கும் என்பது என் கணிப்பு. அன்றைக்கு அழுதேன். அம்மா, பிரிகிற துக்கம் என்று நினைத்து அவளும் சேர்ந்து அழுதாள்.

ஜூன் கடைசியில் புறப்பட்டேன். ஆரல்வாய்மொழியில் பஸ்ஸை நிறுத்தி, சுங்கக்காரர்கள் என் டிரங்குப் பெட்டியைத் திறந்து புகையிலை இருக்கிறதா என்று கிளறினார்கள். அடித்த காற்றில் மேலே இருந்த பம்பாய்க் கடிதம் பறக்கப் பார்த்தது. பிடித்து உள்ளே வைத்துக்கொண்டேன். ஏன் அதை எடுத்துப் போனேன் என்று தெரியவில்லை.

சென்னைக் கல்லூரி அலுவலகத்தில் முதல் நாள் கட்டணம் கட்ட வரிசையில் நின்றேன். உள்ளே இருந்து ஒருவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எட்டிப் பார்த்தார். நாற்பது வயதிருக்கும். என் பெயர் இருந்த தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வரிசை முழுக்கக் கேட்கும்படி, "ஏலே, சங்கு நீயா?" என்றார்.

அன்றையிலிருந்து அந்த அலுவலகத்தில் என் பெயர் சங்கு. யாருக்கும் தெரியாத ஊருக்குப் போக ஆசைப்பட்டவனுக்கு இதைவிட நல்ல தண்டனை கிடைத்திருக்காது.

துண்டுத் தாள் எழுதிய அந்தக் குமாஸ்தா சிதறால் மலையடிவாரத்துக்காரர். சென்னைக்கு வந்து வருஷங்கள் ஆகியும் பேச்சில் அந்த மேற்குப் பக்கத்து இழுப்புப் போகவில்லை. எந்த ஸ்டாம்பு எங்கே செல்லும் என்றே தெரியாத பையன் இந்தப் பட்டணத்தில் எப்படிப் பிழைப்பான் என்ற கவலை அவரைப் பிடித்துக்கொண்டது. ட்ராம் நின்ற பிறகே ஏற வேண்டும் என்று சொன்னார். தெருக்குழாயில் தண்ணீர் குடிக்காதே என்றார். கடற்கரையில் யாராவது சீட்டு விளையாடக் கூப்பிட்டால் ஓடி வந்துவிடச் சொன்னார். இதையெல்லாம் ஒருமுறை சொல்லி விட்டிருந்தால் பரவாயில்லை. வாரத்துக்கு இரண்டு தடவை, மற்றவர்கள் முன்னால் சொல்வார். சித்தப்பாவாவது மாதம் ஒருமுறைதான் வந்து பார்த்தார். பேங்கிங் பாடத்தில் நான் வகுப்பில் முதலாவதாக வந்தபோது, "சங்கு பாஸாயிட்டான்!" என்று குமாஸ்தா ஆச்சரியப்பட்டு அலுவலகத்துக்கே காப்பி வாங்கிக் கொடுத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒருமுறை கோபத்தில் எல்லாவற்றையும் உடைத்துச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு அவரோடு காப்பிக் கிளப்புக்குப் போனேன். நான் வாயெடுப்பதற்குள் அவர் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

"ஊருக்குப் போயி ஒம்பது வருஷம் ஆயிருந்துலே. அப்பன் செத்தப்பம் அண்ணனுக்கும் எனக்கும் ஒரு வார்த்தை தடிச்சிப்போச்சு. இனி இந்த மண்ணை மிதிக்கமாட்டேன்னு சொல்லிட்டு வந்தவன், வந்தவன்தான். அம்மைக்கு ஒரு கடிதம்கூட எழுதல்ல. அன்னைக்கு மேசையில உனக்க கவர் கிடந்து. சங்கு. என்னத்தச் சொல்ல? கூலியைக் கட்டி வாங்கினேன். அந்த ஆழ்ச்சையே லீவு எழுதிக் குடுத்தேன்."

"ஊருக்குப் போனீங்களா?" என்று கேட்டேன்.

"போனேன். அம்மைக்குக் கண்ணு மங்கிப்போச்சு. குரலை வச்சுக் கண்டுபிடிச்சா. பத்து நாள் கூட இருந்தேன்."

நான் காப்பியைக் குடித்து முடித்தேன். சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. மறு வருஷம் அவருடைய அம்மா இறந்துபோனாள். தந்தி வந்த அன்று அவர் ஊருக்குப் போவதற்கு முன் விடுதிக்கு வந்து என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். "பாத்தேன்லா. அது போதும்" என்றார். அன்றைக்கு எனக்கு உண்டான வெட்கத்தை வேறு எதற்கும் நான் பட்டதில்லை. சபையில் சொன்ன பொய்கூட அந்த அளவுக்கு உறுத்தவில்லை.

அதனால் கடைசிவரை வாயைத் திறக்காமல் இருந்திருப்பேன் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

கடைசிப் பரீட்சை முடிந்து ஊருக்குப் புறப்படுகிற நாள். டிரங்குப் பெட்டியோடு விடைபெற அலுவலகத்துக்குப் போனேன். அவர் அருகில் புதிதாக ஒரு குமாஸ்தா உட்கார்ந்திருந்தார், வேலைக்கு வந்து ஒரு வாரம். அவரிடம் இவர் என்னைக் காட்டி, "இவந்தான் நான் சொன்ன ஆளு. சங்கு ஸ்டாம்பு ஒட்டி மெட்ராசுக்கு விண்ணப்பம் போட்டவன். ஒரு எழவும் தெரியாத பய. இன்னைக்கு பி.காம்." என்றார். புதியவர் சிரித்தார். இவர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு கவரை எடுத்தார். என் கையெழுத்து, ஓரத்தில் சங்கு ஸ்டாம்பு, அதன்மேல் பேரிங் முத்திரை. இரண்டு வருஷமாக வைத்திருந்திருக்கிறார்.

"இந்தா. உனக்க எழுத்து. நீயே கொண்டுபோ. பேங்குல பெரிய ஆளாவும்போ மேசைக் கண்ணாடிக்கு அடியில வச்சுக்கோ. தலைக்கனம் வராது. பின்னே, ரெயில்ல சன்னலுக்கு வெளிய தலையை நீட்டாத, கேட்டியா?"

புதியவர் மறுபடி சிரித்தார். அந்தச் சிரிப்புத்தான் காரணம். இரக்கமோ நேர்மையோ எதுவும் இல்லை. இரண்டு வருஷக் கடுப்பு.

"எனக்குத் தெரியும். எந்த ஸ்டாம்பு எங்க செல்லும்னு எனக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சுதான் ஒட்டினேன். இந்தக் கவர் இங்க வந்து சேரப்பிடாதுன்னுதான் ஒட்டினேன். எனக்குப் பம்பாய் போகணும்" என்றேன்.

புதியவர் எழுந்து வேறு பக்கம் போய்விட்டார். இவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"பம்பாய்க் கவர்ல எது ஒட்டின?" என்று கடைசியில் கேட்டார்.

"ராஜா தலை."

தலையை ஆட்டினார். என் கையில் இருந்த கவரைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அதை ஒருமுறை திருப்பிப் பார்த்தார், விரலால் தூசியைத் துடைத்தார், இழுப்பறைக்குள் வைத்து மூடினார்.

"இது எனக்கு வந்தது" என்றார்.

டிரங்குப் பெட்டியின் பிடியைப் பற்றிக்கொண்டு நின்றேன். அவர் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, கேட்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவர்போல் கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார்.

"எழும்பூருக்கு எந்த ட்ராம்னு தெரியுமா?"

இரண்டு வருஷத்தில் எத்தனையோ தடவை போய் வந்த வழி.

"தெரியாது" என்றேன்.

அவர் மேசைக்கு அடியில் காலால் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு என்னோடு கிளம்பினார்.